நாற்பதாவது வீடு

அக்டோபர் 9

கோவில்பட்டிப் பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவள், இன்று மலாவி நாட்டில் ஒரு மாமரத்தடியில் பேட்டரியைப் பற்றி நடத்தினேன். பயமாகத்தான் இருந்தது. புது ஊர், புது மொழி, அறுபத்து மூன்று வயது.

ஊரின் பெயர் கலிந்திசா. நாற்பது வீடுகள். மின்கம்பம் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பிராங்க்ளின் வேலை பார்க்கும் அறக்கட்டளை வீட்டுக்கு ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரிப் பெட்டி, மூன்று விளக்குகள் கொடுக்கிறது. மாட்டுவதும் பழுது பார்ப்பதும் ஊர்ப் பெண்கள் ஏழு பேர். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. பிராங்க்ளின் மார்த்தாண்டத்துக்காரர், நகரத்தில் அலுவலகத்தில் இருக்கிறார், இங்கிருந்து நான்கு மணி நேரம்.

நான் ஆங்கிலத்தில் சொல்வதை உள்ளூர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை தமன்டானி அவர்கள் மொழியில் சொல்கிறாள். அவர்கள் சொல்வதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்கிறாள். எழுத உட்கார்ந்தால் எல்லாம் என் ஊர்ப் பேச்சாகவே வருகிறது. வரட்டும்.

பேட்டரியைப் பராமரிப்பது பற்றிச் சொன்னபோது முதலில் யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. என் பழைய வகுப்பில் கடைசி பெஞ்சு இப்படித்தான் பார்க்கும். உடனே உதாரணத்துக்குத் தாவினேன்.

"பேட்டரி ஒரு கைக்குழந்தை மாதிரி. மழையில நனையக் கூடாது. கீழ போடக் கூடாது. பசியோட தூங்க வைக்கக் கூடாது."

தமன்டானி சொல்லி முடித்ததும் ஏழு பேரும் கைதட்டினார்கள். அவர்களில் லெஸ்டினாதான் வாயாடி. "எனக்கு ஏற்கெனவே அஞ்சு இருக்கு மேடம். இது ஒண்ணாவது ராத்திரி அழாம இருக்குமா?" என்றாள்.

ஒரு உதாரணம் சரியாக அமைந்துவிட்டால் அன்றைக்குச் சோறே வேண்டாம் எனக்கு.

அக்டோபர் 12

பதினொரு வீடு முடிந்தது. வெயில் முப்பத்தொன்பது. மழை வர இன்னும் ஒரு மாதம் என்கிறார்கள்.

அக்டோபர் 17

நாற்பதாவது பெட்டியும் கொடுத்தாயிற்று. அது லெஸ்டினாவின் தங்கை எனெலெஸுக்கு. அவள் வீடு மட்டும் ஓடையைத் தாண்டித் தனியாக, மூன்று மணி நேர நடையில் இருக்கிறது. நிறைமாதம் அவளுக்கு. வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன் என்றேன்; கேட்கவில்லை. இங்கே பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டும் துணி உண்டு, சித்தெஞ்சே என்பார்கள். அதை விரித்து, பெட்டியை நடுவில் வைத்து, குனிந்து, முதுகில் ஏற்றி, முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"பாருங்க மேடம்! முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. என் தங்கச்சிக்கு ரெட்டைப் பிள்ளை!" என்று லெஸ்டினா கத்தினாள்.

எல்லோரும் சிரித்தோம். நான் படம் எடுத்துப் பிராங்க்ளினுக்கு அனுப்பினேன். நடத்திய பாடம் இப்படி நடந்து போவதைப் பார்க்க எத்தனை ஆசிரியைக்குக் கொடுத்து வைக்கும்?

அக்டோபர் 24

காலையில் ஆறு வீடு போய்ப் பார்த்தேன். விளக்குகள் நன்றாக எரிகின்றன. ஒரு வீட்டில் பெட்டியைக் கட்டில் மூலையில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். துணியில் ஓரிடத்தில் பழுப்பாக ஒரு வட்டம், தோசைக்கரண்டி அகலம். கரி போட்ட இஸ்திரிப் பெட்டி இங்கேயும் உண்டு. அதன் சூடு பட்டிருக்கும்.

அறையில் தித்திப்பாக ஒரு வாசனை. நகப்பூச்சு மாதிரி. மாம்பழக் காலம் வேறு. அந்த வாசனையாகவும் இருக்கலாம்.

அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

மதியம் மூன்று சேலை துவைத்தேன். இந்தச் செம்மண் போகவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 25

தலைவலி. எங்கும் போகவில்லை. நாற்பத்தொரு டிகிரி.

அக்டோபர் 29

பிராங்க்ளின் பேசினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கரையான் புற்று ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால்தான் போன் கேட்கும். ஏறும் முன் செருப்பைக் கழற்றிவிடுகிறேன். புற்றைக் கண்டால் கால் தானாகச் செய்கிறது.

"டீச்சர், நல்லா இருக்கியளா? ஒரு காரியம் கேக்கணும். வடக்க ஒரு ஊர்ல நம்ம பெட்டி ஒண்ணு எரிஞ்சு போச்சு, பாத்துக்கிடுங்க. அடுக்களை முழுக்கப் போச்சு. நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணும் இல்ல."

"எப்படி எரிஞ்சது?"

"அதான் தெரியல. இந்தத் தடவை வந்த பெட்டில, சூடு கூடினா தானா நிக்குற ஏற்பாடே கிடையாதுன்னு இப்பத்தான் தெரியுது. கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கான், நாம நம்பிட்டோம். காத்தாட இருந்தா ஒண்ணும் ஆவாது. உங்க பக்கம் சூடாவுது, வீங்குதுன்னு யாராவது சொன்னாவளா?"

"இல்ல தம்பி. யாரும் சொல்லல."

"சத்தியமா?"

"இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு."

அவர் கேட்டது யாராவது சொன்னார்களா என்று. யாரும் சொல்லவில்லை. அது உண்மைதான்.

புற்றிலிருந்து இறங்கியவள் செருப்பைப் போடாமலே பாதி வழி நடந்துவிட்டேன். வெயில் மண்டைக்கு ஏறியிருக்கும்.

அக்டோபர் 30

விடியும்போதே விழித்துவிட்டேன். கோவில்பட்டியில் பிறந்தவளுக்குத் தீயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு தீப்பெட்டி ஆலையில் மருந்து காயவைத்த அறை பற்றிக்கொண்டது. என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது நான்கு பேருக்கும் தாய் இல்லை. விசாரணையில் சொன்ன காரணம் ஒரே வரி: ஜன்னலை அடைத்து வைத்திருந்தார்கள், சூடு வெளியேற வழியில்லை.

ஏழு மணிக்குத் தமன்டானியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பழுப்பு வட்ட வீட்டுக்குப் போனேன். துணியை அவிழ்த்தேன். பெட்டியின் பக்கங்கள் புடைத்திருந்தன. கை வைக்க முடியவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு குச்சியில் நெம்பித் தள்ளி முற்றத்து மணலில் போட்டோம்.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கும் துணி. அடுத்த வீட்டில் துணிக்கு மேல் கம்பளி. அடுத்த வீட்டில் தலையணைகளுக்கு நடுவில் வைத்துப் போர்த்தியிருந்தார்கள்.

வகுப்பில் கேட்டேன்: "யாரு இப்படிச் சுத்தி வைக்கச் சொன்னது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லெஸ்டினாதான் பதில் சொன்னாள். "நீங்கதான் மேடம். கைக்குழந்தைன்னு சொன்னீங்களே. கைக்குழந்தையை யாராவது துணி இல்லாமத் தரையில போடுவாங்களா? பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்குறோம். நாங்க வீடு வீடாப் போய் மாட்டும்போது எல்லாருக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தோம். ஒரு வார்த்தை விடல."

பெருமையாகச் சொன்னாள்.

நான் தமன்டானியைப் பார்த்து, "நான் ஒரு உதாரணமாச் சொன்னது. நீ அதை எப்படிச் சொன்னே?" என்றேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க சொன்னதைத்தான் மேடம் சொன்னேன். குழந்தைன்னு சொன்னீங்க. குழந்தைன்னு சொன்னேன்" என்றாள்.

மொழிபெயர்ப்பில் ஏதோ தவறியிருக்கிறது என்றுதான் பிராங்க்ளினுக்குச் செய்தி அனுப்பினேன். எல்லாப் பெட்டியையும் திரும்ப வாங்கப் போகிறோம் என்றும் சொன்னேன்.

அக்டோபர் 31

பதினான்கு வீடு.

எளிதாகத் தருவதில்லை. ஒரு அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "கொடுக்கும்போது பாடினீங்க. இப்பப் பிடுங்கிட்டுப் போறீங்க. எங்க வீடு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "அம்மணமா வெயில்ல போடச் சொல்றீங்களா? இதுக்குப் பெத்தே இருக்க வேணாம்" என்றாள். தமன்டானி எல்லாவற்றையும் எனக்குச் சொல்கிறாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை.

நவம்பர் 1

சாயங்காலம் வரை முப்பத்தொன்பது பெட்டிகள். பள்ளி மைதானத்து மணலில் ஒன்றுக்கொன்று கை தூரம் தள்ளி வைத்திருக்கிறோம். ஆறு வீங்கியிருக்கின்றன. ஏழாவது ஒன்று மதியம் தானாகவே புகைந்து அடங்கியது. அதன் அருகில் அப்போது யாரும் இல்லை. காலையில் அது ஒரு தொட்டிலுக்கு அடியில் இருந்தது.

நாற்பதாவது எனெலெஸ் வீட்டில்.

நேற்று முன்தினம் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறதாம். லெஸ்டினா சொல்லும்போது அவள் வாயில் சிரிப்பு இல்லை. "மேடம், அந்த வீட்டுக்குள்ள எங்க யாரையும் விடமாட்டாங்க."

பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழும் வரை அந்த வீட்டுக்குள், புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிற யாரும் நுழையக் கூடாது. அவர்கள் சூடானவர்கள், அந்தச் சூடு பிள்ளைக்கு ஆகாது என்பது இங்குள்ள வழக்கம். அதெல்லாம் விட்டுப்போன வயதான பெண்கள் குளிர்ந்தவர்கள். அவர்கள் மட்டும் போகலாம். என் ஏழு பெண்களும், தமன்டானியும் கல்யாணமாகிப் புருஷனோடு வாழ்கிறவர்கள். குளிர்ந்தவர்கள் யாருக்கும் வயரைக் கழற்றத் தெரியாது.

இப்போது கிளம்பினால் போய்ச் சேரும்போது இருட்டிவிடும், ஓடையைத் தாண்ட முடியாது. இருட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. இருட்டில் சார்ஜ் ஏறாது என்று இதோடு பத்து முறை சொல்லிக்கொண்டுவிட்டேன். ஆனால் பொழுது விடிந்ததும் ஏறும். இங்கே ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடுகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உள்ளங்கை எரிகிறது, எழுத்து கோணலாக வருகிறது.

வெளிச்சம் வந்தவுடன் லெஸ்டினா, தமன்டானி, நான் மூன்று பேரும் கிளம்பினோம். ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். லெஸ்டினா முன்னால் கிட்டத்தட்ட ஓடினாள். நான் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி, தூரத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். இரண்டு இடத்தில் தெரிந்தது. இரண்டும் யாரோ அடுப்பு மூட்டியது.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூரை மேல் பேனல் வெயிலில் பளபளத்தது. லெஸ்டினா செய்த முதல் காரியம் பேனலிலிருந்து வரும் வயரை வேலிக்கு வெளியே நின்றபடியே ஒரு நீளக் கொம்பால் இழுத்துப் பிடுங்கியது. நான் சொல்லவில்லை. தானாகச் செய்தாள்.

வாசலில் பிரசவம் பார்த்த அம்மாள் டோரிக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். லெஸ்டினா வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, பெட்டியைத் தூக்கி வெளியே கொடுக்கும்படி கெஞ்சினாள்.

"இந்த வீட்டு நெருப்பு இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. அடுப்பு நெருப்பும் சரி, விளக்கும் சரி. கொடி விழட்டும், வா" என்றார் அவர்.

"அது வெடிக்கும் அம்மா!"

"மூணு நாளா ஒண்ணும் ஆகல. இன்னும் நாலு நாள் சும்மா இருக்காதா?"

லெஸ்டினா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் முன்னால் போனேன். "நான் போறேன்னு சொல்லு. எனக்கு வயரைக் கழற்றத் தெரியும். நானும் குளிர்ந்தவதான்" என்று தமன்டானியிடம் சொன்னேன்.

டோரிக்கா அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புருஷன்?"

"இறந்து ஆறு வருஷம் ஆச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன?"

தமன்டானி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேற ஆள் உண்டான்னு கேக்குறாங்க மேடம்."

"ஐயோ! இல்லவே இல்லைன்னு சொல்லு!"

வேலிக்கு அப்பாலிருந்து லெஸ்டினா, கண்ணீர் வழியும் முகத்தோடு, "நல்லாக் கேளுங்க அம்மா! நகரத்திலேர்ந்து ஒருத்தர் இவங்களுக்கு அடிக்கடி போன் பண்றாரு!" என்றாள்.

பயத்தில் மனிதர்களுக்கு என்னென்னவோ வரும். அவளுக்குக் கேலி வந்தது. டோரிக்கா அம்மாள் சிரித்துவிட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துப் பார்த்தார். என் கை பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தது, அந்த வெயிலிலும்.

"எங்க கொண்டு போவ அதை?"

"எந்த வீட்டுக்கும் இல்ல. மண்ணுல புதைக்கப் போறேன்."

"புதைக்கிறதா இருந்தா சரி. பிரசவத்தோடது எதுவும் மண்ணுக்குத்தான் போகணும்." நகர்ந்து வழிவிட்டார்.

நடுவில் ஒன்று எழுதத் தோன்றுகிறது. என் தம்பி மகளுக்குப் பிள்ளை பிறந்து தொட்டில் போட்டபோது எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். எப்படிச் சொல்லி அனுப்பினார்கள் என்றால், எல்லோரும் போன பிறகு சாயங்காலமாக வா என்று. நான் போகவில்லை. பள்ளியில் வேலை இருக்கிறது என்றேன்; நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. இன்று ஒரு ஊரே நுழைய முடியாத வாசலில் எனக்கு மட்டும் வழிவிட்டார்கள், அதே காரணத்துக்காக. சந்தோஷப்பட நேரமில்லை.

குனிந்து உள்ளே போனேன். வெளி வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசனை மட்டும் வந்தது. அந்த நகப்பூச்சு வாசனை. மாம்பழம் இல்லை. அன்றைக்கும் மாம்பழம் இல்லை.

மெல்ல உருவங்கள் தெரிந்தன. பாயில் எனெலெஸ் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை. இரண்டும் ஒரே துணியில் கிழித்தது, மஞ்சளில் நீலப் பறவைகள். இரண்டும் ஒரே அளவு. நான் மண்டியிட்டு அருகில் இருந்ததைத் தொட்டேன். சூடாக இருந்தது. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினேன்.

அது காலை உதைத்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. பிள்ளையைத் திரும்பக் கீழே வைக்க மனம் வரவில்லை. வெளியே கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் தாய் உள்ளே கிடக்கிறாளே. வைத்தேன். பாயைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். இந்தத் துணி கடினமாக இருந்தது. உள்ளே மிக மெல்லிய சத்தம், வாணலியில் கடைசிச் சொட்டு எண்ணெய் பொரிவதைப் போல. விளக்கு வயர்களைக் கழற்றினேன். மூன்று முறை விரல் வழுக்கியது. எனெலெஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன், வகுப்பில் காட்டுவது போல. எதற்கு என்று தெரியவில்லை. பேட்டரிக்குக் காது இல்லை.

தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசல் தாண்டுவதற்குள் சூடு துணியைக் கடந்து உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், லெஸ்டினா மண்வெட்டியால் குழி பறித்து வைத்திருந்தாள். "வாங்க மேடம், வாங்க, வாங்க" என்று வேலிக்கு வெளியே என் கூடவே நடந்து வந்தாள். குழியில் வைத்தேன். மணலைத் தள்ளினோம். "ஓடு" என்றேன். தமிழில் சொன்னேன். இரண்டு பேருக்கும் புரிந்தது.

முப்பது எண்ணியிருக்க மாட்டோம். மணலைக் கிழித்துக்கொண்டு தீ வந்தது. என் உயரத்துக்கு வந்தது. வெள்ளையாக, சீறிக்கொண்டு, நின்று, மறுபடி வந்தது.

உள்ளே பிள்ளை அழுதது. நன்றாக, சத்தமாக அழுதது.

நவம்பர் 3

காலையிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருத்தி கோழி கொண்டு வந்தாள், ஒருத்தி சோள மாவு. "பிள்ளையைக் காப்பாத்தின மேடம்" என்கிறார்கள். உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். எனெலெஸ் பிள்ளைக்கு என் பெயர் வைக்கப் போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். செண்பகவல்லி. அவர்கள் வாயில் அது நுழையவில்லை.

ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

அந்தப் பெட்டி அவள் பக்கத்தில் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 5

இன்று மாமரத்தடியில் ஊரே கூடியது. கோழி அடித்து எனக்குச் சாப்பாடு போடத்தான் கூட்டம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நின்றேன்.

சொன்னேன். பெட்டி மோசமான பெட்டி; அது கொடுத்தவன் தப்பு. அதைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போட வைத்தது என் வார்த்தை. முதுகில் கட்டிக்கொண்டு போனபோது நான் கண்டிக்கவில்லை, படம் எடுத்தேன். துணி கருகியிருந்ததை அக்டோபர் 24 அன்றே பார்த்தேன். வாசனையையும் அன்றே கண்டுகொண்டேன். 29 அன்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். தமன்டானி ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. பழியை அவள் மேல் போட்டேன்.

கடைசி வரி வந்ததும் தமன்டானி நிறுத்திவிட்டாள்.

"அதையும் சொல்லும்மா. அதைத்தான் நீ சொல்லணும்."

சொன்னாள்.

என் பாடத்தைக் கேட்டுக் கைதட்டியவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிலுக்கு அடியில் பெட்டி வைத்திருந்த பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளோடு இன்னும் நான்கைந்து பேர் போனார்கள். கோழி கொண்டு வந்தவளும் போனாள்.

லெஸ்டினா எழுந்து நின்றாள். "மேடம், நாங்க வீடு வீடாப் போய்ச் சொன்னோம். அந்த நாற்பது வீட்டுக்கும் நாங்கதான் முகம். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. நாங்க இங்கதான் தண்ணி எடுக்கப் போகணும்."

"தெரியும்."

"அப்ப ஊருக்குப் போறதுக்கு முன்னால சரியாச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க."

பிராங்க்ளினிடமும் சொன்னேன். புற்றின் மேல் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "டீச்சர், நான் உங்கள நம்பித்தான் மத்த ஊருக்கு ஆள அனுப்பாம இருந்தேன்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 8

மறுபடி வகுப்பு. ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். பழைய பெட்டிகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு இடத்துப் பெட்டிகள் வரும். சூடானால் தானாக நிற்கும். ஒன்றைப் பிராங்க்ளின் வேண்டுமென்றே அடுப்பருகில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

எங்கே வைப்பது என்று விளக்க ஆரம்பித்தேன். "இப்ப பாருங்க, இது எப்படின்னா..."

லெஸ்டினா கையைத் தூக்கினாள். "உதாரணம் வேண்டாம் மேடம். எத்தனை விரல் இடம் விடணும்னு மட்டும் சொல்லுங்க."

நான்கு விரல். எல்லாப் பக்கமும். கையை விரித்துக் காட்டினேன். ஐந்து பேரும் பெட்டியைச் சுற்றி விரலை வைத்து அளந்தார்கள். வீட்டுக்குள் வேண்டாம், கூரை சுவரைத் தாண்டி நீளும் இறவாணத்துக்குக் கீழே வெளிச்சுவரில் கம்பிக் கூண்டு அடித்துப் பூட்டிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. என்னுடையதைவிட நல்ல யோசனை.

நவம்பர் 20

முதல் பெட்டியை யார் வீட்டில் மாட்டுவது என்று கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. எனெலெஸ்தான், "என் வீட்டுல மாட்டுங்க" என்று சொல்லி அனுப்பினாள். பிள்ளைக்குக் கொடி விழுந்து எல்லோரும் போய்வர ஆரம்பித்தாயிற்று. மாட்டிய பிறகு நான் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து பார்க்காமல் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேற்றே வந்து இங்கே தங்கிவிட்டேன். இதை அந்த வீட்டு வெளிச்சுவரில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

காலை 6.10. லெஸ்டினா வயரைக் கொடுத்தாள். சார்ஜ் ஏறுகிறது. கூண்டுக்குள் கைவிட்டுத் தொட்டேன். குளிர்ச்சி.

8.00. குளிர்ச்சி.

9.30. லேசான வெதுவெதுப்பு. வயரைக் கழற்றச் சொன்னேன். லெஸ்டினா, "வெயில்ல கல்லே இதைவிடச் சுடும்" என்றாள். கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சரி, மாட்டு என்றேன்.

11.00. அதே வெதுவெதுப்பு. கூடவில்லை. பக்கங்களைத் தடவிப் பார்த்தேன். நேராக இருக்கின்றன. முகர்ந்தும் பார்த்தேன்.

1.00. வெயில் உச்சத்தில். ந்சிமா கொண்டு வந்து வைத்தார்கள், இங்கத்திய சோளக்களி. தட்டு அப்படியே இருக்கிறது. ஒரு கையால் எழுதுகிறேன்.

2.40. மேகம் கறுக்கிறது. இந்த வருடத்து முதல் மழை வரும் என்கிறார்கள். இறவாணம் போதுமா என்று இன்னொரு முறை முழம் போட்டேன்.

4.00. மழை பெய்து ஓய்ந்து, வெயில் திரும்பிவிட்டது. பெட்டியில் ஒரு சொட்டு இல்லை. தொட்டேன்.

5.40. சார்ஜ் முழுதாக ஏறிவிட்டது. என் கையைவிடச் சூடு இல்லை. தமன்டானி தாளைக் கொண்டு வந்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். கொப்புளம் ஆறிய இடத்தில் பேனா பிடிக்கும்போது இன்னும் வலிக்கிறது.

6.05. லெஸ்டினா சுவிட்சைப் போட்டாள். உள்ளே குலவைச் சத்தம் கேட்டது, எங்கள் ஊர்க் குலவை மாதிரியேதான். எனெலெஸ் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "உள்ள வாங்க மேடம். வெளிச்சம் அங்கதான் இருக்கு" என்றாள். வருகிறேன் என்று சொன்னேன். இன்னும் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.